குழந்தையின் கையில் சூதா, புதிரா?

பாரதக் கதையில் தருமன் இரண்டு சோதனைகளைச் சந்திக்கிறான். ஒன்று, அத்தினாபுரத்து மண்டபத்தில் சகுனி விரித்த சூதாட்டம். மற்றொன்று, வனவாசத்தின் முடிவில் நச்சுப்பொய்கையின் கரையிலே அவன்முன் வைக்கப்பட்ட கேள்விகள். முன்னதில் நாட்டையும் நகரையும், தம்பியரையும் மனைவியையும் தோற்றான். பின்னதில் உயிரற்றுக் கிடந்த தம்பியரை மீட்டுக்கொண்டான். ஆடியவன் ஒருவனே, அவனது அறிவும் ஒன்றே. வேறுபட்டது ஆட்டத்தின் இயல்பு. 'இன்னும் ஒரு முறை உருட்டு' என்று சூது அவனை விரட்டிற்று. 'நில்; சிந்தித்து விடை கூறு; பிறகு நீரருந்து' என்று பொய்கை அவனைத் தடுத்து நிறுத்திற்று. தாகத்தின் வேகத்தில் கேள்வியைப் பொருட்படுத்தாத நால்வரும் வீழ்ந்தனர். நின்று சிந்தித்தவன் ஒருவனே பிழைத்தான்.

திரௌபதை அம்மன் ஆலயத்தின் தீமிதிப்பால் புகழ்பெற்ற உடப்பில் வாழும் மக்களுக்கு இக்கதையை நாம் விளக்கவேண்டியதில்லை. ஆயினும் அதனை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இன்று நம் பிள்ளைகளின் உள்ளங்கையில் இருக்கும் கைத்தொலைபேசியிலே சகுனியின் மண்டபமும் இருக்கிறது; நச்சுப்பொய்கையும் இருக்கிறது. எதனுள் பிள்ளை நுழைந்திருக்கிறது என்பதைப் பெற்றோர் அறியாதிருப்பதே இன்றைய இடர்.

கரையோர வீடுகளின் நிலை

சிலாபம் தொடங்கி உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என நீளும் இக்கரையோரத்தில், 2020ஆம் ஆண்டுக்கு முன்னர் கைத்தொலைபேசி பெரும்பாலும் பெரியவர்களின் பொருளாகவே இருந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப் வழியாக வரத் தொடங்கின. படிப்பின் பெயரால் பிள்ளைகளிடம் போன கருவி, பாடசாலைகள் திறந்த பின்பும் முழுமையாகத் திரும்பி வரவில்லை.

இதற்குக் குடும்பங்களைக் குறைகூறுவது எளிது, ஆனால் முறையன்று. தென்மேற்குப் பருவக்காற்றால் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், தந்தையர் பலர் தொழில் தேடிக் கிழக்குக் கரைக்குப் போய்விடுகின்றனர். தாய்மார் சிலர் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். பாட்டியின் பொறுப்பிலே வளரும் பிள்ளை, மாலைப்பொழுதிலே தொலைபேசியோடு மூலையில் அமர்ந்துவிடுகிறது. 'சத்தமின்றி இருக்கிறது' என்று பாட்டியும் ஆறுதலடைகிறார். இந்துக் குடும்பம், இஸ்லாமியக் குடும்பம், கிறிஸ்தவக் குடும்பம் என்ற வேறுபாடு இதில் இல்லை.

இந்நிலையில் எழும் குரல்கள் இரண்டு. 'பறித்துப் பூட்டிவையுங்கள்' என்பது ஒன்று. 'காலம் மாறிவிட்டது, விட்டுவிடுங்கள்' என்பது மற்றொன்று. இரண்டுமே விளையாட்டுகள் யாவும் ஒன்றே என்ற எண்ணத்திலிருந்து பிறப்பவை. நாம் கூறவிரும்புவது இதுதான்: விளையாட்டுகளுக்குள் புதிர்ச் சாகசம் என்றொரு வகை உண்டு. அது பிள்ளைக்குப் பொறுமையையும் சிந்தனையையும் பழக்கவல்லது. ஆனால் அப்பயன் கருவியிலிருந்து தானே சுரப்பதன்று. விடை தெரியாது முட்டிநிற்கும் பொழுதிலும், அப்பொழுதில் அருகே ஒரு பெரியவர் இருப்பதிலுமே அது பிறக்கிறது.

நம் மரபுக்குப் புதியதன்று

புதிர் என்பது மேலைநாட்டுச் சரக்கு என்று எண்ணவேண்டா. பாட்டு, உரை, நூல் என்பனவற்றோடு ஒருங்கே 'பிசி' என்பதனையும் தொல்காப்பியர் எண்ணி வைத்தார். பிசி என்பது விடுகதையே. நிலா முற்றத்திலே நொடி போட்டு, அதனை அவிழ்க்கச் சொல்லி மல்லுக்கு நின்ற பாட்டிமார் அம்மரபின் வாரிசுகள். வேதாளத்தைத் தோளில் சுமந்து நடந்த விக்கிரமாதித்தனின் கதையோ, புதிரும் சாகசமும் ஒன்றாய்க் கலந்த கதை. ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு சிக்கல். அதனை அவிழ்த்தபின் மீண்டும் மரத்தை நோக்கிய நடை. கடற்கரை மணலிலே கோடு கீறி, சிப்பிகளைக் காயாக வைத்து ஆடுபுலி ஆடியவர்களுக்கும் இவ்வின்பம் தெரியும்.

இன்றைய புதிர்ச் சாகச விளையாட்டுகள் இவற்றின் தூரத்து உறவினரே. அவற்றில் பிள்ளை ஓர் உலகத்தினுள் நுழைகிறது. கதவு பூட்டியிருக்கிறது, பாலம் உடைந்திருக்கிறது. சுற்றியுள்ள பொருள்களை உற்றுநோக்கி, ஒன்றோடொன்றைப் பொருத்திப் பார்த்து, தவறினால் வேறுவழி முயன்று முன்னே செல்லவேண்டும். சுடுவதற்குத் துப்பாக்கியோ, ஓடுவதற்குக் கடிகாரமோ பெரும்பாலும் இருப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, 2014ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள அஸ்ட்டூ நிறுவனம் வெளியிட்ட 'மொனியுமென்ட் வலி' என்ற விளையாட்டைக் கூறலாம். ஐடா என்னும் சிறிய இளவரசி விந்தையான கோபுரங்களினூடே நடக்கிறாள். ஒரு தூணைத் திருப்பினால், வெகுதொலைவிலிருந்த படிக்கட்டு அருகே வந்து பொருந்துகிறது. ஒல்லாந்து ஓவியர் எஷரின் கண்மயக்குச் சித்திரங்களைத் தழுவியது இதன் அமைப்பு. செக் நாட்டின் அமனிட்டா டிசைன் நிறுவனம் 2009இல் வெளியிட்ட 'மெஷினேரியம்' மற்றொன்று. துருப்பிடித்த நகரமொன்றில் அலையும் ஒரு சின்னஞ்சிறு இயந்திர மனிதனின் கதை அது. பாத்திரங்கள் சொற்களால் பேசுவதில்லை. சித்திரங்களால் கருத்தை உணர்த்துகின்றன. ஆங்கிலம் அறியாத நம் சிறுவர்க்கு இவ்விரண்டும் பொருந்துவதற்கு இதுவே காரணம்.

பிள்ளைகளுக்காக ஒரு தந்தை செய்த குகை

இவ்வகை விளையாட்டுகள் பிறந்த வரலாறு பெற்றோர் அறியத்தக்கது. அமெரிக்காவில் வில் குரோதர் என்ற கணினிப் பொறியியலாளர் ஒருவர் இருந்தார். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பை உருவாக்கியோருள் அவரும் ஒருவர். குகைகளில் இறங்கி அவற்றை வரைபடமாக்குவது அவரது பொழுதுபோக்கு. கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத் தொகுதியை அவரும் அவருடைய மனைவியும் அளந்து வரைந்தனர். பின்னர் அவர்களது மணவாழ்வு முறிந்தது. தம் பெண்மக்கள் தம்மிடம் வரும்போது அவர்களோடு பகிர்ந்துகொள்ள ஏதேனும் வேண்டுமென்று எண்ணிய அவர், 1970களின் நடுப்பகுதியில், தாம் அறிந்த குகையைச் சொற்களால் கணினிக்குள் கட்டினார். அதில் படம் இல்லை, ஒலி இல்லை. 'நீ ஒரு சாலையின் முடிவில் நிற்கிறாய்' என்பது போன்ற வருணனை வரும். பிள்ளை ஓரிரு சொற்களில் கட்டளையைத் தட்டவேண்டும். 1977இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொன் வூட்ஸ் அதனை விரிவாக்கினார். இந்த 'அட்வெஞ்சர்' விளையாட்டின் பெயரே பின்வந்த சாகச விளையாட்டு வகை முழுவதற்கும் பெயராயிற்று.

ஜப்பானிலும் இத்தகையதோர் ஊற்று உண்டு. 1986இல் வெளியான 'செல்டா' விளையாட்டைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ, கியோட்டோவுக்கு அண்மையிலுள்ள தம் ஊரில், சிறுவயதிலே விளக்கேந்திக் குகையொன்றினுள் புகுந்த வியப்பையே அதில் வைத்ததாகக் கூறியிருக்கிறார்.

இவ்விரு வரலாறுகளும் உணர்த்துவது யாது? நல்ல சாகச விளையாட்டு, மெய்யான உலகத்தில் கால்வைத்து நடந்தவர்களின் அனுபவத்திலிருந்து பிறந்தது. அதிலும் குரோதரின் குகை, பிரிந்திருந்த தந்தையையும் மக்களையும் இணைக்கும் பொருட்டுக் கட்டப்பட்டது. பிள்ளையை மூலையில் தனியே உட்காரவைப்பதற்காக அன்று.

முட்டிநிற்பதன் பயன்

கல்லூரி வகுப்பறையில் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. புதியதொரு கணக்கைக் கரும்பலகையில் எழுதியதும், கெட்டிக்கார மாணவர்கள் பலர் பேனாவை எடுப்பதில்லை. 'சேர், இது எந்த முறை?' என்று கேட்கின்றனர். முறை தெரிந்தால் விரைந்து செய்துவிடுவர். தெரியாவிட்டால் திகைத்து அமர்ந்துவிடுவர். தெரியாத ஒன்றோடு கால்மணி நேரம் கூடியிருப்பது அவர்களுக்குப் பழக்கமில்லை.

அப்பழக்கம் எங்கே இழக்கப்பட்டது? தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையை எண்ணிப் பாருங்கள். அதிலும் நுண்ணறிவு வினாக்கள் என்ற பெயரில் புதிர்கள் உண்டு. ஆனால் பத்து வயதுப் பிள்ளை ரியூசன் வகுப்பிலே கடந்தகால வினாத்தாள்களை அடுக்கடுக்காகச் செய்து, புதிரைப் புதிராகவன்றி மனனப் பாடமாகவே சந்திக்கிறது. தவறான விடைக்குப் புள்ளி இல்லை. எனவே தவறு என்பதே அச்சத்துக்குரியதாகிவிடுகிறது.

புதிர் விளையாட்டிலோ தவறுக்குத் தண்டனை இல்லை. தூணை இடப்புறம் திருப்பினான், வழி கிடைக்கவில்லை. வலப்புறம் திருப்பினான், பாதி வழி தெரிந்தது. அந்தப் பாதித் தோல்வியே அடுத்த முயற்சிக்கு அறிகுறியாகிறது. கருதுகோள், சோதனை, திருத்தம் என்னும் அறிவியல் முறையைப் பெயர் தெரியாமலே பிள்ளை பயில்கிறது.

தோல்வியும் கற்பிக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. மனு காப்பூர் என்ற கல்வி ஆய்வாளர், இந்தியாவில் 11ஆம் வகுப்பு அறிவியல் மாணவர்களிடையே நடத்திய ஆய்வொன்றை 2008இல் வெளியிட்டார். ஒரு சாரார்க்குத் தெளிவாக வரையறுத்த கணக்குகளும், மற்றொரு சாரார்க்குச் சிக்கலான, வரையறை குன்றிய கணக்குகளும் குழுவாகச் செய்வதற்குத் தரப்பட்டன. இரண்டாம் சாரார் அப்போது திணறினர். அவர்களுடைய விடைகள் சிறக்கவில்லை. ஆனால் பின்னர் வைத்த தேர்வில் அவர்களே மேம்பட்டு நின்றனர். இதனை அவர் 'பயன்தரும் தோல்வி' என்றார். சிங்கப்பூர்ப் பாடசாலைகளிலும் இக்கருத்தை அவர் தொடர்ந்து ஆராய்ந்தார். விளையாட்டுகளைப் பற்றிய ஆய்வன்று இது. எனினும் முட்டிநிற்கும் பொழுது வீண்பொழுதன்று என்பதை உணர்த்துகிறது.

ஆய்வுகள் எவ்வளவு தூரம் துணைநிற்கும்?

விளையாட்டுகளையே நேரடியாக ஆராய்ந்தவர்களும் உளர். 2015இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வலரி சூட்டும் அவர்தம் குழுவினரும் 77 மாணவர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் 'போர்ட்டல் 2' என்ற புதிர் விளையாட்டை எட்டு மணி நேரம் ஆடினர். மற்றப் பிரிவினர், மூளைக்குப் பயிற்சியளிப்பதாக விளம்பரப்படுத்தப்பட்ட 'லூமோசிட்டி' என்ற நிரலில் அதே அளவு நேரம் பயின்றனர். சிக்கலை அவிழ்க்கும் திறன், வெளிசார் அறிவு, விடாமுயற்சி ஆகிய மூன்றிலும் புதிர் விளையாட்டை ஆடியவர்களே மேம்பட்டனர். வேடிக்கை என்னவெனில், மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக எழுந்த குற்றச்சாட்டுத் தொடர்பில், அந்த லூமோசிட்டி நிறுவனம் 2016இல் அமெரிக்க வணிக ஆணைக்குழுவுக்கு 20 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது.

வெளிசார் அறிவு என்பது, பொருள்களின் இடம், திசை, வடிவம் ஆகியவற்றை மனக்கண்ணில் திருப்பிப் பார்க்கும் ஆற்றல். அது பிறவியிலேயே அமைந்து மாறாதிருப்பதன்று. பயிற்சியால் வளர்வது என்பதை 217 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த ஆய்வறிக்கை காட்டிற்று. நம் கரையோரத்தார்க்கு இஃது புதுச்செய்தியாகத் தோன்றாது. புத்தளம் களப்பிலே எங்கு ஆழம், எங்கு திடல் என்பதைக் கண்ணால் காணாமலே மனத்தில் வரைந்து வைத்து வள்ளம் செலுத்தும் மீனவரின் அறிவு அதுவே. அவர் அதனைப் பள்ளியில் கற்றவரல்லர். தந்தையின் வள்ளத்தில் அமர்ந்து பழகியவர்.

ஆயினும் எல்லையையும் கூறுவது கடமை. போர்ட்டல் ஆய்வில் பங்குபற்றியோர் பல்கலைக்கழக மாணவர்; சிறுகுழந்தைகள் அல்லர். மூளைப் பயிற்சி நிரல்களைப் பற்றிய சான்றுகளை 2016இல் விரிவாக ஆராய்ந்த டானியல் சைமன்ஸ் முதலிய உளவியலாளர், ஒன்றில் பழகியவர் அதிலே தேர்ச்சிபெறுகிறார் எனினும், அத்தேர்ச்சி அன்றாட வாழ்வுக்கு அகலப் பரவுவதற்குச் சான்று மிகக் குறைவு என்று முடித்தனர். ஆகவே, புதிர் விளையாட்டு ஆடினால் கணிதத்தில் புள்ளி கூடும் என்று எவரேனும் விற்கவந்தால் நம்பவேண்டா. விளையாட்டிலே பெற்றது வாழ்வுக்குப் பரவவேண்டுமாயின், அதனைப் பிணைத்துக் காட்ட ஒரு பெரியவர் வேண்டும். 'தூணைத் திருப்பி வழிகண்டாய் அல்லவா? இந்தக் கணக்கையும் அவ்வாறு மறுபுறத்திலிருந்து பார்' என்ற ஒரு சொல், விளையாட்டுக்கும் பாடத்துக்கும் இடையே பாலமாகிறது.

சூதின் வேடம்

இனிச் சகுனியின் மண்டபத்துக்கு வருவோம். இலவசம் என்று இறங்கும் விளையாட்டுகள் பல, பிள்ளையைச் சிந்திக்கவிடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. முட்டிநிற்கும் கணத்திலே அவை காசைக் கேட்கின்றன. அல்லது விளம்பரத்தைப் பார்க்கச் சொல்கின்றன. உள்ளே என்ன இருக்குமென்று தெரியாத பரிசுப் பெட்டியைக் காசுக்கு விற்பதும் உண்டு. 2018இல் பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணைக்குழு, இத்தகைய கட்டணப் பெட்டிகள் சில சூதாட்டச் சட்டத்துக்கு மாறானவை என்று அறிவித்தது.

மெஷினேரியத்தோடு இதனை ஒப்பிடுக. அங்கும் விடைகளைக் காட்டும் புத்தகம் ஒன்று உண்டு. ஆனால் அது பூட்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் சிறியதோர் ஆட்டத்தை முயன்று வென்றால்தான் திறக்கும். விடையைப் பெறுவதற்கு அங்கே விலை காசன்று, உழைப்பு.

அளவு மீறினால் எதுவும் தீங்கே. விளையாட்டுக்கு அடிமையாதலை உலக சுகாதார அமைப்பு 2019இல் நோய்களின் சர்வதேசப் பட்டியலில் சேர்க்க ஒப்புதலளித்தது. அப்பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாடு இழத்தல், பிற கடமைகளுக்கு மேலாக விளையாட்டை வைத்தல், தீங்கு கண்டும் தொடர்தல் ஆகியன அதன் குறிகள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டா எனவும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது எனவும் அதே அமைப்பு 2019இல் அறிவுறுத்தியிருக்கிறது.

பெற்றோர் செய்யத்தக்கவை

முதலாவதாக, விளையாட்டைத் தெரிந்தெடுப்பவர் பெரியவராக இருக்கட்டும். அதில் முடிவு உண்டா, காசு கேட்கிறதா, இணையமின்றி ஆடமுடியுமா என்ற மூன்று கேள்விகள் போதும். முடிவுடைய கதை பிள்ளையை ஒருநாள் விட்டுவிடும். முடிவற்ற ஓட்டம் விடாது.

இரண்டாவதாக, விறாந்தையிலோ கூடத்திலோ எல்லோரும் காண அமர்ந்து ஆடட்டும். பாட்டிக்குத் தொலைபேசியைத் தொடத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. 'இவள் ஏன் அங்கே நிற்கிறாள்? அந்தக் கதவு எதற்கு?' என்று கேட்கத் தெரிந்தால் போதும். அவ்வினாவுக்கு விடை சொல்லும்போதே பிள்ளை தன் சிந்தனையை ஒழுங்குபடுத்திக்கொள்கிறது.

மூன்றாவதாக, முட்டிநின்றால் உடனே விடையைத் தேடிக் கொடுக்கவேண்டா. கருவியை அணைத்துவிட்டு, சென்ற வழியைத் தாளிலே படமாக வரையச் சொல்லுங்கள். மறுநாட் காலையில் விடை தானே தோன்றுவதைப் பிள்ளை ஒரு முறை கண்டுவிட்டால், பொறுமையின் சுவையை அறிந்துவிடும்.

நான்காவதாக, தொலைவிலுள்ள தந்தையும் தாயும் இதில் பங்குகொள்ளலாம். இரவில் அழைக்கும்போது 'படித்தாயா, சாப்பிட்டாயா' என்ற இரண்டு கேள்விகளோடு, 'அந்தப் பாலத்தைக் கடந்தாயா?' என்று மூன்றாவது ஒன்றையும் கேட்கட்டும். குரோதர் தம் மக்களுக்குக் குகை கட்டியது இதற்காகவே அன்றோ?

கைத்தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளை எதனையும் இழந்துவிடவில்லை. மணலில் கீறிய ஆடுபுலிக் கட்டமும், பாட்டியின் நொடியும், களப்பின் திடல்களை மனத்தில் வரைவதும் அதே பயிற்சியைத் தருவன. வேண்டுவது, விடை தெரியாத ஒரு கேள்வி. அதனோடு தங்கியிருக்கச் சிறிது நேரம். அருகிலே அவசரப்படுத்தாத ஒருவர்.

இன்றிரவு பிள்ளை தொலைபேசியைக் கையிலெடுக்கும்போது, பறிக்கவும் வேண்டா, பாராமுகமாயிருக்கவும் வேண்டா. அருகே சென்று அமர்ந்து, 'அடுத்து என்ன செய்யப்போகிறாய்?' என்று கேளுங்கள். 'பொறுங்கள், யோசிக்கிறேன்' என்று பிள்ளை சொன்னால், அது பொய்கைக் கரையில் நிற்கிறது. 'இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை' என்று சொன்னால், தயங்காமல் கையைப் பிடித்து அந்த மண்டபத்தைவிட்டு வெளியே அழைத்து வாருங்கள்.